கத்திரி வெயிலும் இரத்தத்தில் ஏறும் கிருமியும்

சித்திரை கடைசியில் ஆரம்பித்து வைகாசி பாதி வரைக்கும் கத்திரி வெயில். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் திருத்தணி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்துச் சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

அதே மாவட்டத்தின் வடக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் இரண்டு காரணங்களுக்காகத் தெரிந்திருக்கும். ஒன்று, மேய்ச்சல் நிலமும் காடுமாக இருந்த இடத்தில், ஊர் மக்களின் எதிர்ப்பையும் மீறி வந்த சிப்காட். இரண்டு, சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஆதாரமாக 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி.

சிப்காட் இருந்தால் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள். லாரியில் சரக்கு ஏற்றுபவர், கட்டடம் கட்டுபவர், கொதிகலன் பக்கத்தில் நிற்பவர். அவர்களில் ஒருவர் மே மாதத்தில் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட இருப்பவர்கள் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, கிடைத்த மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள். கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏறுகிறது. இரண்டு நாளில் தெம்பாகி விடுகிறார். மூன்றாம் நாள் குளிர் ஜுரம், நடுக்கம். "வெயில் காய்ச்சல்தான், சரியாயிடும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்தக் காய்ச்சல் வெயிலால் வந்ததாக இல்லாமல், கையில் குத்திய ஊசி வழியாக இரத்தத்துக்குள் போன பாக்டீரியாவால் வந்ததாக இருந்தால்?

இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளின் இரத்தத்தில் பாக்டீரியா ஏறுவதற்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கொஞ்சம் அடிப்படை

நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் மனிதனின் இரத்தத்தில் கிருமி குடியிருப்பதில்லை. பல் தேய்க்கும்போது கூட ஒன்றிரண்டு உள்ளே போகும். உடம்பே அதைத் துடைத்துப் போட்டுவிடும். துடைக்க முடியாமல் போய், பாக்டீரியா இரத்தத்தில் பெருக ஆரம்பித்தால் அது இரத்த ஓட்டத் தொற்று. அதற்கு உடம்பு நிதானம் இழந்து எதிர்வினை காட்டி, இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பழுதானால் அது செப்சிஸ். செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பாக்டீரியாக்களை இரண்டு பெரிய கட்சிகளாகப் பிரிக்கலாம். 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற மருத்துவர் ஒரு சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தார். ஊதா நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ். விட்டுவிட்டுச் சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ். இது வெறும் நிற வித்தியாசம் இல்லை. கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளியே கூடுதலாக ஒரு உறை உண்டு. பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். அந்த உறையில் இருக்கும் நச்சுப்பொருள் இரத்தத்தில் கலந்தால் நோயாளியின் அழுத்தத்தை மடமடவென்று இறக்குவதும் அதுதான். ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் எல்லாம் இந்தக் கட்சி. ஈரம் பிடித்த இடம் என்றால் இவற்றுக்குக் கொண்டாட்டம். வாஷ் பேசின், குழாய், வென்டிலேட்டர் குழல், ஈரத் துணி, வியர்வை.

வெயில் ஏறினால் என்ன ஆகிறது?

அமெரிக்காவில் 132 மருத்துவமனைகளின் 1999 முதல் 2006 வரையிலான இரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து, மாதவாரியாக அடுக்கி, அந்தந்த ஊரின் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவாக இருந்தது. குளிர்காலத்தை விடக் கோடையில் அசினெட்டோபாக்டர் இரத்தத் தொற்று பாதிக்கு மேல் கூடியது. க்ளெப்சியெல்லாவும் சூடோமோனாஸும் கால் பங்குக்கு மேல் கூடின. ஈ.கோலை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கோடை என்ற பெயரைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்தாலும், டிகிரி ஏற ஏற இந்தக் கட்சியின் எண்ணிக்கையும் ஏறியது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அமெரிக்காவில் புதிதாகப் படித்து முடித்த டாக்டர்கள் வேலைக்குச் சேர்வது ஜூலையில்தான். அவர்கள் கை தேறாததால் தொற்று கூடுகிறதோ? நல்ல கேள்வி. ஆனால் கை தேறாததுதான் காரணம் என்றால், தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளும் சேர்ந்து கூடியிருக்க வேண்டும். அவை கூடவில்லை. ஒரு கட்சி மட்டும் வெயிலில் ஏறுகிறது, இன்னொரு கட்சி அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் புது டாக்டர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது.

எதனால் ஏறுகிறது என்பதற்கு ஒரே பதில் இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் இந்தக் கிருமிகள் வெளியில் பெருகுவதற்கு வசதி. கோடையில் தோலிலும் குடலிலும் இவை கூடுதலாகக் குடியேறலாம். வியர்வையில் ஊசி குத்திய இடத்தின் பிளாஸ்திரி நனைந்து கழன்று நிற்கும். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர்த் தொற்று வந்து, அங்கிருந்து கிருமி இரத்தத்துக்கு ஏறும். இவை எல்லாமே சேர்ந்து வேலை செய்யலாம். வெயிலுக்கும் தொற்றுக்கும் உறவு இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, எந்த வழியாக என்று நிரூபிப்பது வேறொன்று. ஆனால் கதவைச் சாத்துவதற்குத் திருடன் எந்தத் தெரு வழியாக வந்தான் என்று முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை!

நம்ம ஊருக்கு எது குளிர்காலம்?

இந்த இடத்தில்தான் விஷயம் நம் பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜூலை மாதத்துச் சராசரிப் பகல் உச்சம் ஏறக்குறைய 28 டிகிரி. அது அவர்களுக்கு உச்சக் கோடை. சென்னையில் மார்கழி, தை மாதப் பகலே 29, 30 டிகிரியைத் தொடும். அதாவது அவர்களுடைய கோடை நமக்குப் போர்வை போர்த்தும் காலம்!

அப்படியானால் அமெரிக்க மருத்துவமனைகள் வருஷத்தில் மூன்று மாதம் சந்திக்கும் நிலைமையை, கும்மிடிப்பூண்டி பக்கத்து மருத்துவமனை பன்னிரண்டு மாதமும் சந்திக்கிறது என்றுதானே அர்த்தம்? பல நாடுகளை ஒப்பிட்டு 2014இல் வந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் போகப் போக, இரத்தத் தொற்றுகளில் கிராம் நெகட்டிவ் கிருமிகளின் பங்கு கூடுகிறது. சுகாதாரத்துக்குச் செலவழிக்கும் பணம் குறைவாக இருக்கும் இடங்களிலும் அந்தப் பங்கு கூடுகிறது. இரண்டாவது காரணத்தைக் கவனிக்க வேண்டும். பூமத்திய ரேகையை யாரும் நகர்த்த முடியாது. பட்ஜெட்டை நகர்த்தலாம்.

இந்தியாவிலேயே எண்ணிப் பார்த்த கணக்கும் உண்டு. 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை கண்காணித்ததில், மருத்துவமனைக்கு வந்த பிறகு ஏற்பட்ட இரத்த ஓட்டத் தொற்றுகள் மட்டும் 2,622. அவற்றில் முதலிடம் க்ளெப்சியெல்லாவுக்கு, ஏறத்தாழ கால் பங்கு. வெயிலை விரும்பும் அதே கட்சி.

மருந்து கேட்காத கிருமிக்கும் வெயில் பிடிக்கும்

2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்ட மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு, சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் இருப்பதை அது சொன்னது. பெயரில் புதுடெல்லி இருந்ததால் பெரிய அரசியல் சண்டை நடந்தது. பெயருக்கு நடந்த சண்டையில் பாதி கிருமிக்கு எதிராக நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம், 2011இல், டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் சோதித்தார்கள். தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இல் அந்த மரபணு இருந்தது. குழாய் நீர் 50இல் 2இல் இருந்தது. இதை விட முக்கியமான ஒரு வரி அந்த ஆய்வில் உண்டு. ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு இந்த மரபணுவைக் கை மாற்றிக் கொடுப்பது 25 டிகிரியிலோ 37 டிகிரியிலோ இருப்பதை விட 30 டிகிரியில் அதிகமாக நடந்தது. முப்பது டிகிரி! அது ஆய்வுக்கூடத்து எண் மட்டும் இல்லை; நம் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரின் சூடு.

2018இல் அமெரிக்காவின் 41 மாநிலங்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி கூடுதலாக உள்ள இடங்களில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலையின் பங்கு 4.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் கிருமி ஒன்று மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றால் படுக்கையில் இருப்பவருக்கு அது நூறு சதவீதம்.

மழை வந்தால் வேறு கதை

பருவகாலம் என்றாலே வெயில் மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது மண்ணிலிருந்து கிளம்பும் ஒரு கிருமி உண்டு. பெயர் பர்கோல்டெரியா சூடோமல்லை, அது கொடுக்கும் நோய் மெலியாய்டோசிஸ். இதை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் இருந்த ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். அவர்கள் அதைக் கண்டது 1911இல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பல இடங்களில் இதன் பெயரே தெரியாது.

ஈர மண்ணில், வயலில், தேங்கிய நீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வருகிறது. வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தத்திலும் கிருமி இருக்கும். ஆய்வுக்கூடத்தில் சூடோமோனாஸ் என்று தவறாகப் படித்துவிடவும் வாய்ப்பு உண்டு. வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வேண்டும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. ஆக, "இது என்ன மாதம்? இவர் வயலில் நின்றாரா? சர்க்கரை இருக்கிறதா?" என்ற மூன்று கேள்விகள் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். நாட்காட்டியும் ஒரு மருத்துவக் கருவிதான்.

ட்ரிப்ஸ் மேல் இருக்கும் மோகம்

இனி நம் பழக்கத்தைப் பார்க்கலாம். "உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்பது ஊருக்கு ஊர் உண்டு. வெயில் காலத்தில் இன்னும் அதிகம். வாயால் குடிக்க முடிகிறவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோ, மோரோ, கஞ்சித் தண்ணியோ போதும். ஆனால் ஊசி குத்தினால்தான் வைத்தியம் என்று மனசு நம்புகிறது. நினைவு தவறியவருக்கும் வாந்தி நிற்காதவருக்கும் ட்ரிப்ஸ் உயிர் காக்கும், சந்தேகமே இல்லை. தேவையில்லாதவருக்கோ அது தோலில் போட்ட ஓட்டை.

அந்தப் பாட்டிலுக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970-71இல் அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 378 பேருக்கு ஒரே மாதிரி இரத்தத் தொற்று வந்தது. தேடிப் போனால் குற்றவாளி குளுக்கோஸ் பாட்டிலின் மூடி! மூடியில் ஒட்டியிருந்த கிருமி திரவத்துக்குள் விழுந்து பெருகியிருந்தது. க்ளெப்சியெல்லா குடும்பத்துக் கிருமிகள் குளுக்கோஸ் தண்ணீரில் சாதாரண அறை வெப்பத்திலேயே வளரக் கூடியவை. மின்விசிறி மட்டும் சுற்றும் வார்டில், மே மாதத்து மதியத்தில், காற்றுக்காக ஊசி குத்தி வைத்த பாட்டில் மணிக்கணக்கில் தொங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது?

வெயிலைக் குறைப்பது யார் கையிலும் இல்லை. எல்லா வார்டுக்கும் ஏசி போட்டால் தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. நோயாளிக்கு அது ஆறுதல், வியர்வையும் குறையும். ஆனால் மேலே சொன்ன 2,622 தொற்றுகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான் நடந்தன. குளிரூட்டுவது மட்டும் கையைக் கழுவிவிடாது.

கழுவினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 2003 முதல் ஐந்தே ஐந்து விஷயங்களைப் பிடிவாதமாகச் செய்தன. கை கழுவுதல், சென்ட்ரல் லைன் போடும்போது முழு உறையும் முகக் கவசமும் அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடை இடுக்கில் லைன் போடுவதைத் தவிர்த்தல், தேவை முடிந்த லைனை அன்றே எடுத்துவிடுதல். லைன் வழியாக வரும் இரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. சோப்பும் ஒரு பட்டியலும், "டாக்டர், கை கழுவலை நீங்க" என்று சொல்ல நர்ஸுக்குக் கொடுத்த உரிமையும்தான்.

கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் கஷ்டம். இங்கே நர்ஸ் டாக்டரிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோப்பு வாங்க டெண்டர் விடலாம், அந்த உரிமைக்கு டெண்டர் விட முடியாது. ஒரே நர்ஸ் நாற்பது படுக்கை பார்க்கிற வார்டில், ஒவ்வொரு படுக்கைக்கும் கை கழுவச் சொல்லி போஸ்டர் ஒட்டுவதிலும் நியாயம் இல்லை.

அடுத்தது எண்ணுவது. காய்ச்சலோடு வருபவருக்கு ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் இரத்தம் எடுத்து பிளட் கல்ச்சர் அனுப்பினால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். பெரிய நகரத்து மருத்துவமனைகளில் இது நடக்கிறது. வட்டார அளவில் வைடல் பரிசோதனையும் ஊகமும்தான் அதிகம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை உண்டு. சுற்றியுள்ள வட்ட மருத்துவமனைகளின் கல்ச்சர் பாட்டில்கள் தினமும் ஒரு வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்தால், ஒரு வருஷத்தில் மாவட்டத்துக்கே ஒரு கணக்கு கிடைக்கும். சித்திரையில் எந்தக் கிருமி, கார்த்திகையில் எந்தக் கிருமி, எந்த மருந்து வேலை செய்கிறது என்று. வானிலைக்குத் தினசரி அறிக்கை உண்டு. நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் செய்தி வருகிறது. வார்டில் எத்தனை பேர் இரத்தத்தில் கிருமி ஏறியது என்பதற்கு மட்டும் ஏன் மாதாந்திர அறிக்கை கூட இல்லை?

இதற்கெல்லாம் ஆரம்பம் இல்லாமல் இல்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட அறிக்கைக்குப் பெயரே "சென்னைப் பிரகடனம்". 2014 மார்ச்சில் சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை எச்1 வந்தது. 2017இல் தேசியச் செயல் திட்டமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மருந்துக் கடையில் "மூணு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் இன்னும் பல இடங்களில் கிடைக்கிறது.

"வருமுன் காப்போம்" என்ற பெயரிலேயே திட்டம் போட்ட மாநிலம் இது. கத்திரி எந்தத் தேதியில் தொடங்கும் என்று பஞ்சாங்கம் ஒரு வருஷம் முன்னாடியே சொல்லிவிடுகிறது. இவ்வளவு முன்கூட்டித் தெரிந்த ஆபத்து வேறு எது? பங்குனியிலேயே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சோப்பு, குளோர்ஹெக்சிடின், பிளாஸ்திரி கையிருப்பைப் பார்க்கலாம். ஒழுகும் வாஷ் பேசினைச் சரி செய்யலாம். கூடுதலாக இரண்டு நர்ஸ் கேட்கலாம். தொழிற்சாலைகள் மதிய வேலை நேரத்தை மாற்றி, நிழலும் தண்ணீரும் கொடுத்தால், மயங்கி விழுபவரும் குறைவார், ஊசி குத்த வேண்டியவரும் குறைவார்.

நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "சிஸ்டர், இவருக்கு இந்த ஊசி இன்னும் தேவையா?"

தேவை இல்லை என்று பதில் வந்தால், அன்றைக்கே ஒரு வாசல் மூடப்படும்.